பத்து இலக்க எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? 4,29,49,67,295ஐ வைத்து ஒரு வழிகாட்டி

நூறுக்குள் இருக்கும் ஓர் எண்ணைச் சொன்னால், அது பகா எண்ணா, பகு எண்ணா என்று பெரும்பாலானோர் உடனே சொல்லிவிடுவார்கள். 91 மட்டும் கொஞ்சம் ஏமாற்றும் (அது 7 × 13). மூன்று, நான்கு இலக்கம் வரை பள்ளியில் படித்த காரணிப்படுத்தலே போதும். பத்து இலக்க எண் ஒன்று முன்னால் வந்து நின்றால்தான் எங்கே தொடங்குவது, எந்தக் கணக்கை முதலில் போடுவது, எதைப் போடாமலே விடலாம் என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட இந்த வழிகாட்டி, 4,29,49,67,295 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் காரணிகள் முதல் அதை எத்தனை வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பது வரை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து காட்டுகிறது.

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்னும் இந்த எண், கணினித் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய முகம்தான்: 32 பிட்டுகளில் குறியில்லாமல் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. ஆனால் அந்தத் தகவலைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, யாரோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்த எண் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவோம். அறியாத எண்ணை அணுகும் பழக்கம் அப்படித்தான் வரும்.

தேவையானவை ஒரு தாள், ஒரு பென்சில், குறைந்தது பத்து இலக்கங்களைக் காட்டும் கணிப்பான். எட்டு இலக்கம் மட்டுமே காட்டும் சிறிய கணிப்பான்கள் இதற்கு ஆகா. கைபேசியில் இருக்கும் கணிப்பான் போதும்.

படி 1: எண்ணைச் சரியாக எழுதி, இரண்டு மீதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இது வீண் வேலை போலத் தோன்றும், ஆனால் பெரிய எண்களில் நேரும் பிழைகளில் பாதி, எண்ணைப் பார்த்து எழுதும்போதே நேர்ந்துவிடுகிறது. எழுதியதும் அதன் 9ஆல் வரும் மீதியையும் 11ஆல் வரும் மீதியையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

9ஆல் வரும் மீதிக்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும்: 4 + 2 + 9 + 4 + 9 + 6 + 7 + 2 + 9 + 5 = 57; 57ஐ 9ஆல் வகுத்தால் மீதி 3. 11ஆல் வரும் மீதிக்கு வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வர வேண்டும்: 5 − 9 + 2 − 7 + 6 − 9 + 4 − 9 + 2 − 4 = −19. குறை எண் வந்தால் 11ஐத் திரும்பத் திரும்பக் கூட்டுங்கள்; −19 + 22 = 3. இங்கே இரண்டு மீதிகளும் 3 ஆனது தற்செயல்.

ஏன் இரண்டு? பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, ஆகவே 9இன் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. 11இன் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். இதன் அருமை நான்காம் படியில் தெரியும்.

படி 2: கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவை

கடைசி இலக்கம் 5 என்பதால் எண் ஒற்றைப்படை, 5ஆல் வகுபடும். கடைசி ஈரிலக்கம் 95. அது 25இன் மடங்கல்ல என்பதால் 25ஆல் வகுபடாது, அதாவது 5 என்னும் காரணி ஒரே ஒரு முறைதான் வருகிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 57, 3ஆல் வகுபடுகிறது, 9ஆல் வகுபடவில்லை. ஆகவே 3ம் ஒரே ஒரு முறைதான். இந்த "ஒரே ஒரு முறை" என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காரணி எத்தனை முறை வருகிறது என்பது, பின்னால் வகுத்திகளை எண்ணும்போது தேவைப்படும்.

படி 3: 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிப்பது

7ஆல் வகுபடுமா என்று பார்க்கத் தனி விதிகள் பல உண்டு. எதுவும் நினைவில் நிற்பதில்லை. அவற்றைவிட 7 × 11 × 13 = 1001 என்பதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. 1000 என்பது 1001க்கு ஒன்று குறைவு என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அந்தத் துண்டுகளை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால், வகுபடும் தன்மை அப்படியே அந்தச் சிறிய விடைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நாம் காற்புள்ளி வைப்பது கோடி, லட்சம், ஆயிரம் என்ற கணக்கில். அந்தக் காற்புள்ளிகளைப் பார்த்துத் துண்டாக்கினால் இந்தச் சோதனை பலிக்காது. இந்த ஒரு படிக்கு மட்டும் எண்ணை 4,294,967,295 என்று திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். இப்போது 295 − 967 + 294 − 4 = −382. குறியை விட்டுவிட்டு 382ஐ மட்டும் பார்த்தால், 7ஆல் வகுக்கும்போது மீதி 4, 11ஆல் வகுக்கும்போது 8, 13ஆல் வகுக்கும்போது 5. மூன்றாலும் வகுபடாது. மூன்று நீள் வகுத்தல்கள் மிச்சம்.

படி 4: கிடைத்த காரணிகளை நீக்குவது

3ஆலும் 5ஆலும் வகுபடும் என்று தெரிந்த உடனே அவற்றை வகுத்து நீக்கிவிட வேண்டும். பெரிய எண்ணையே சுமந்துகொண்டு போகக் கூடாது.

4294967295 ÷ 3 = 1431655765
1431655765 ÷ 5 = 286331153

அடுத்த பகா எண் 17. 286331153ஐ 17ஆல் கையாலேயே வகுத்துப் பாருங்கள். 28இல் ஒரு முறை, மீதி 11. 6ஐ இறக்கினால் 116, அதில் ஆறு முறை, மீதி 14. 3ஐ இறக்கினால் 143, எட்டு முறை, மீதி 7. அடுத்த 3ஐ இறக்கினால் 73, நான்கு முறை, மீதி 5. 1ஐ இறக்கினால் 51, சரியாக மூன்று முறை, மீதி இல்லை. இதுவரை ஈவு 16843. இப்போது அடுத்த 1ஐ இறக்கினால் வெறும் 1. 17 அதில் போகாது, ஈவில் ஒரு சுழியம். 5ஐ இறக்கினால் 15. அதிலும் போகாது, இன்னொரு சுழியம். 3ஐ இறக்கினால் 153, சரியாக ஒன்பது முறை. ஈவு 16843009.

அந்த இரட்டைச் சுழியம்தான் இந்தக் கணக்கின் பள்ளம். நான் முதன்முறை இதைப் போட்டபோது ஒரு சுழியத்தை விட்டுவிட்டு 1684309 என்று எழுதிக்கொண்டு, அந்தத் தவறான எண்ணுக்குக் காரணி தேடி ஒரு மாலைப்பொழுது முழுவதையும் தொலைத்தேன். ஒன்பதின் சோதனையைப் போட்டுப் பார்த்தும் பிழை அகப்படவில்லை என்பதுதான் வேடிக்கை: 16843009, 1684309 இரண்டின் கூட்டுத்தொகையும் 31தான், ஏனெனில் சுழியம் கூட்டலில் எதையும் மாற்றுவதில்லை. 11இன் சோதனையைப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். வகுபட்ட எண்ணான 286331153இன் 11-மீதி 9. 17இன் மீதி 6; சரியான ஈவின் மீதி 7; 6 × 7 = 42, அதன் மீதி 9, பொருந்துகிறது. என் தவறான ஈவின் மீதியோ 0; 6 × 0 = 0, பொருந்தவில்லை. ஒவ்வொரு வகுத்தலுக்குப் பிறகும் இந்தச் சோதனையைப் போடும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

16843009ஐ மீண்டும் 17ஆல் வகுத்தால் மீதி 4. ஆகவே 17ம் ஒரே ஒரு முறைதான்.

படி 5: எங்கே நிறுத்துவது என்று முன்பே கணக்கிடுங்கள்

ஒரு பகு எண்ணின் மிகச் சிறிய பகாக் காரணி, அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 4104² = 16842816, 4105² = 16851025; நம் 16843009 இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே 4104 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். போதும் என்று சொல்வது எளிது. அவை ஐந்நூறுக்கும் மேல். முதலிலேயே காரணிகளை நீக்காமல் 4294967295ஐ வைத்துக்கொண்டு 65535 வரை போயிருந்தால் 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

பொறுமை உள்ளவர்கள் 19, 23, 29 என்று தொடரலாம். நாற்பத்தேழு பகா எண்கள் மீதி வைத்து விலகும்; நாற்பத்தெட்டாவதான 257 மீதியின்றிப் போகும்: 16843009 ÷ 257 = 65537. இங்கே களைப்புக்குக் கிடைக்கும் பரிசு ஒன்றுண்டு. 65537க்காக மீண்டும் 2, 3, 5 என்று தொடங்க வேண்டியதில்லை. 257ஐவிடச் சிறிய பகா எண் எதுவும் 16843009ஐ வகுக்கவில்லை என்று பார்த்துவிட்டோம். அதன் ஒரு பகுதியான 65537ஐயும் அவை வகுக்க முடியாது. 257² = 66049, அது 65537ஐத் தாண்டிவிட்டது. எனவே 65537 பகா எண் என்பது கூடுதலாக ஒரு வகுத்தல்கூடப் போடாமல் உறுதியாகிறது.

படி 6: உண்மையில் முதலில் செய்திருக்க வேண்டியது

மேலே காட்டிய பாதை எந்த எண்ணுக்கும் பொருந்தும் பொதுப் பாதை. அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே நடத்திக் கூட்டிவந்தேன். ஆனால் வகுக்க உட்காருவதற்கு முன்பு எண்ணின் அக்கம்பக்கத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது. அதற்கு வர்க்கமூலப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும்: 4294967295இன் வர்க்கமூலம் 65535.99999… என்று வரும். இவ்வளவு நெருக்கமாக ஒரு முழு எண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றால் விடவே கூடாது. 65536² = 4294967296. நம் எண் அதற்குச் சரியாக ஒன்று குறைவு.

அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்ற முற்றொருமை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் காரணி கண்டுபிடிக்கும் கருவியாகப் பயன்படுத்தியவர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் டி ஃபெர்மா. எண்ணைவிடச் சற்றே பெரிய வர்க்கத்தை எடுத்து, எண்ணைக் கழித்து, மிச்சமும் ஒரு வர்க்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய முறை. எடுத்துக்காட்டாக 1927ஐ எடுத்தால் 44² = 1936, மிச்சம் 9, அது 3²; ஆகவே 1927 = 47 × 41. மிச்சம் வர்க்கமாக இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போக வேண்டும். இரு காரணிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் இந்த முறை விரைவாகப் பலிக்கும், ஒன்று மிகச் சிறியதாகவும் மற்றது மிகப் பெரியதாகவும் இருந்தால் சலிப்புத் தட்டும்.

நம் எண்ணில் முதல் முயற்சியிலேயே மிச்சம் 1. அதற்குப் பிறகு கதவு திறந்தால் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று:

4294967295 = 65536² − 1 = 65535 × 65537
65535 = 256² − 1 = 255 × 257
255 = 16² − 1 = 15 × 17
15 = 4² − 1 = 3 × 5

நான்கே வரிகள். 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. நாற்பத்தெட்டு வகுத்தல்கள் போட்டு வந்த இடத்துக்கே, ஒரு வகுத்தலும் இல்லாமல் வந்துவிட்டோம்.

இதை இரும எண்முறையில் பார்த்தால் காரணம் இன்னும் துலங்கும். நம் வழக்கமான பதின்ம முறையில் 9999 என்பதை 99 × 101 என்று எழுதலாம், 99ஐ 9 × 11 என்று எழுதலாம். இரும முறையில் 9இன் இடத்தில் இருப்பது 1. நம் எண் இரும முறையில் முப்பத்திரண்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண், அதாவது 2³² − 1. முப்பத்திரண்டு பதினாறாகவும் பதினாறு எட்டாகவும் பாதி பாதியாக உடைவதால் காரணிகளும் அப்படியே உடைகின்றன.

படி 7: 65537 பகா எண் என்பதைக் குறுக்குவழியில் உறுதிசெய்தல்

குறுக்குவழியில் வந்தவர்கள் நாற்பத்தெட்டு வகுத்தல்களைப் போடவில்லை என்பதால், 65537 பகா எண்தானா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்தும் ஃபெர்மா எண்கள் எனப்படும். 2இன் அடுக்கோடு 1ஐக் கூட்டி வருபவை, அந்த அடுக்கும் 1, 2, 4, 8, 16 என்று 2இன் அடுக்காகவே இருப்பவை. இத்தகைய எண்ணின் பகாக் காரணிகள் எந்த வடிவில் இருக்க முடியும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்டு ஆய்லர் கண்டறிந்தார், பின்னர் எதுவார் லூக்கா அதை மேலும் இறுக்கினார். அதன்படி 2¹⁶ + 1 ஆகிய 65537ஐ வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால் அது 64க + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க என்பது 1, 2, 3 போன்ற ஏதோ ஒரு முழு எண்). வர்க்கமூலம் 256க்குச் சற்று மேல். அதற்குள் அந்த வடிவில் வருபவை 65, 129, 193 ஆகிய மூன்றே. 65ம் 129ம் பகா எண்கள் அல்ல. மிஞ்சுவது 193 ஒன்றுதான்; 65537 = 193 × 339 + 110. மீதி வந்துவிட்டது, ஆகவே 65537 பகா எண். ஒரே ஒரு வகுத்தலில் முடிந்தது.

படி 8: காரணிகளிலிருந்து மற்றவற்றைப் பெறுவது

பகாக் காரணிகள் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் பெருக்கல் கணக்குதான்.

வகுத்திகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு பகாக் காரணியும் ஒரு முறைதான் வருவதால், ஒரு வகுத்தியை உருவாக்கும்போது ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம்; 2 × 2 × 2 × 2 × 2 = 32 வகுத்திகள். இவ்வளவு பெரிய எண்ணுக்கு இது மிகக் குறைவு. இதைவிடச் சிறியதான 3,49,18,88,400க்கு 1920 வகுத்திகள் உண்டு. வகுத்திகள் மிகுந்த இத்தகைய எண்களைத்தான் சீனிவாச இராமானுசன் 1915இல் வெளியான தம் நெடுங்கட்டுரையில் ஆராய்ந்தார். நம் எண் அவற்றுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது.

வகுத்திகளின் கூட்டுத்தொகை: ஒவ்வொரு காரணியோடும் 1ஐக் கூட்டிப் பெருக்க வேண்டும். 4 × 6 × 18 × 258 × 65538 = 7304603328. இதில் எண்ணையே கழித்தால் 3009636033. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டு தன்னையே தரும் 6, 28 போன்றவை நிறைவெண்கள். நம் எண்ணில் அந்தக் கூட்டு எண்ணைவிடக் குறைவு, ஆகவே இது குறைவெண்.

சார்பகா எண்களின் எண்ணிக்கை: 1 முதல் 4294967295 வரை, நம் எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1ஐக் கழித்துப் பெருக்குங்கள்: 2 × 4 × 16 × 256 × 65536 = 2147483648. இது நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கிய எண். நம்பிக்கை வராவிட்டால் இதன் சிறிய தம்பியான 15ஐ எடுத்து விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: 1, 2, 4, 7, 8, 11, 13, 14 என எட்டு, 16இல் பாதி.

தசம விரிவு: 1ஐ நம் எண்ணால் வகுத்தால், தசமப் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் கழித்து, 65536 இலக்கங்கள் கொண்ட ஒரு சுழற்சி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அந்த ஓர் இலக்கம் 5 என்னும் காரணியால் வருவது. சுழற்சியின் நீளம் 3, 17, 257, 65537 ஆகியவற்றின் சுழற்சிகளான 1, 16, 256, 65536 என்பவற்றின் மீச்சிறு பொது மடங்கு. எழுதிப் பார்க்கக்கூடியது 1 ÷ 17 மட்டும்தான்: 0.0588235294117647, பிறகு மீண்டும் 0588 என்று தொடங்கும்.

படி 9: எத்தனை வர்க்கங்கள் வேண்டும்?

இதற்குக் காரணிகள்கூட வேண்டாம், கடைசி மூன்று இலக்கங்கள் போதும். 295ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7. 1000 என்பது 8இன் மடங்கு என்பதால் முழு எண்ணுக்கும் மீதி 7தான். எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றில் மூன்றைக் கூட்டி 7 மீதியைக் கொண்டுவர எவ்வளவு முயன்றாலும் முடியாது. ஆகவே இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுத வழியே இல்லை. எந்த முழு எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவினார், எனவே நான்கில் நிச்சயம் முடியும்.

அந்த நான்கைக் கண்டுபிடிக்க, எண்ணுக்குள் அடங்கும் பெரிய வர்க்கத்தில் தொடங்குங்கள். 65535² = 4294836225; மிச்சம் 131070. அதற்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 362² = 131044; மிச்சம் 26. 26 என்பது 25 + 1. ஆக,

4294967295 = 65535² + 362² + 5² + 1²

எல்லா எண்ணுக்கும் இப்படி எடுத்த எடுப்பில் அமைந்துவிடாது. நடுவில் 7 மீதிக்காரன் ஒருவன் மிச்சமாக வந்து மறித்தால், ஒரு படி பின்வாங்கி, சற்றுச் சிறிய வர்க்கத்தோடு மீண்டும் தொடங்க வேண்டும்.

அளவுகோலும் கவராயமும்

இந்த எண்ணுக்கு இருக்கும் பெருமைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கில் இல்லை, வடிவியலில் இருக்கிறது. 1796இல், பதினெட்டு வயதில், கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் ஒழுங்கான பதினேழு பக்கப் பலகோணத்தை அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்கும்போது மட்டுமே அப்படி வரைய முடியும். இதில் "மட்டுமே" என்ற பகுதியை 1837இல் பியர் வான்செல் நிறுவினார். இன்றுவரை நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்துதான். ஐந்தையும் பெருக்கினால் வருவது நம் எண். எனவே வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. அதன் 32 வகுத்திகளில் 1ஐ விட்டால் மிஞ்சும் 31 எண்களே அத்தகைய பலகோணங்களின் முழுப் பட்டியல். பக்கம் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதன் சுற்றளவு 4294 கிலோமீட்டரைத் தாண்டும். வரைய யாரும் முன்வரமாட்டார்கள். 65537 பக்கங்களுக்கான முறையை மட்டும் யோஹான் குஸ்டாவ் ஹெர்மஸ் என்பவர் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்து 1894இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கனில் இருக்கிறது.

அந்த 32 வகுத்திகளையும் பெருக்காமலே எழுத ஒரு வழி உண்டு. பாஸ்கல் முக்கோணத்தை, அதாவது 10ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கிய அதே அடுக்கை, 32 வரிசைகள் வரை எழுதுங்கள். ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 11, 101, 1111, 10001 என்று வரும். அவை முறையே 1, 3, 5, 15, 17. தொடர்ந்து 51, 85, 255, 257 என்று வளர்ந்து, முப்பத்திரண்டாவது வரிசையில் ஒன்றுகள் மட்டுமே நின்று 4294967295 ஆகிறது.

படி 10: பக்கத்து வீடுகளை விட்டுவிடாதீர்கள்

ஒரு பெரிய எண்ணை ஆராய்ந்து முடித்ததும் அதன் இரு பக்கத்திலும் இருப்பவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் எண்ணுக்கு ஒன்று குறைவான 4294967294 என்பது 2 × 2147483647. அந்த 2147483647 பகா எண் என்பதை ஆய்லர் 1772இல் நிறுவினார். ஒன்று கூடுதலான 4294967296இல் 2ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லை. இரண்டு கூடுதலான 4294967297 ஆறாவது ஃபெர்மா எண். முதல் ஐந்தும் பகா எண்களாக இருந்ததால் இந்த வரிசை முழுவதுமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று ஃபெர்மா 1640இல் கருதினார். ஆய்லர் 1732இல் அதை உடைத்தார். ஏழாம் படியில் சொன்ன அதே உத்திதான்: இந்த எண்ணுக்கு இறுக்கிய விதியின்படி காரணிகள் 128க + 1 என்ற வடிவில் இருக்க வேண்டும். 129, 257, 385, 513, 641 என்று எழுதிக்கொண்டு போனால் பகா எண்கள் 257, 641 இரண்டே. 257 நம் எண்ணையே வகுப்பது. நம் எண்ணுக்கு இரண்டு கூடுதலான எண்ணையும் வகுக்க வேண்டுமென்றால் அது 2ஐ வகுக்க வேண்டும், முடியாது. அடுத்தது 641: 641 × 6700417 = 4294967297. தன் பெயரிலேயே இருக்கும் காரணி முறையைக் கையில் வைத்திருந்த ஃபெர்மாவுக்கு இது அகப்படாமல் போனது விந்தைதான். ஆனால் அந்த முறை நெருக்கமான காரணிகளுக்கு உரியது, 641ம் 6700417ம் அளவில் அவ்வளவு தொலைவில் நிற்பவை.

6700417 பகா எண்தானா என்பதை நீங்களே பாருங்கள். வர்க்கமூலம் 2588ஐ ஒட்டியது. அதற்குள் 128க + 1 வடிவில் 257ஐ விட்டால் 641, 769, 1153, 1409 என்னும் நான்கு பகா எண்கள்தான் இருக்கின்றன, நான்குமே மீதி தரும்.

இவ்வளவும் கைவசமாகிவிட்டால் இருபது இலக்க எண் ஒன்றைத் துணிந்து எடுக்கலாம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேரும் நெல்மணிகள் 18446744073709551615. இதை விரிதாளில் தட்டிப் பார்க்காதீர்கள். எக்செல் போன்றவை 15 இலக்கங்களுக்கு மேல் காப்பதில்லை, கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும், ஒற்றைப்படையா என்ற முதல் கேள்வியிலேயே வழுக்கி விழுவீர்கள். பைத்தான் போன்ற மொழியில் தட்டினால் முழு எண்ணும் அப்படியே நிற்கும். எதுவும் இல்லாவிட்டாலும் கவலையில்லை, தாளும் பென்சிலும் போதும்: அந்த எண் 4294967296²க்கு ஒன்று குறைவு. ஆகவே அது 4294967295 × 4294967297. முதலாவதன் ஐந்து காரணிகளும் இரண்டாவதன் இரண்டு காரணிகளும் ஏற்கெனவே உங்கள் தாளில் இருக்கின்றன. ஏழும் வெவ்வேறு பகா எண்கள், எனவே வகுத்திகள் 128.